உண்ணும் செடி எது, நஞ்சுச் செடி எது?

(ஆலங்குளத்தில் அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, மக்தப் முடிந்து நேராக இங்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

மழை விழுந்துவிட்டது. சிமெண்டு ஆலைப் பக்கத்துத் தரிசிலும், கண்மாய்க் கரையிலும், வேலியோரத்திலும் பச்சை கிளம்பிவிட்டது. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணைக்கீரை எல்லாம் காசு கொடுக்காமல் கிடைக்கிற காலம் இது. அல்ஹம்துலில்லாஹ், நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு இன்னும் இந்தக் கீரைகளை அடையாளம் தெரியும். ஆனால் நன்னிமாவுக்குத் தெரிந்தது மகளுக்குப் பாதிதான் தெரிகிறது, பேத்திக்குச் செல்போனில் வந்த படம் மட்டும்தான் தெரிகிறது. அந்த இடைவெளியில்தான் ஆபத்து நுழைகிறது. பறிக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை, கண்டு பறியுங்கள் என்று சொல்லவே வந்தேன்.

உடலுக்குக் கேடு செய்வதை உண்ணக் கூடாது என்பதில் மத்ஹபுகளுக்குள் பேதமில்லை. நம் கையாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சூரா பகராவின் 195ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அதனால் செடியைத் தெரிந்துகொள்வதை வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் பிள்ளைகளின் விஷயம். நம் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி வந்தால், பல தடவை அதற்குப் பின்னால் இருப்பது காட்டாமணக்கு. ஆடு கடிக்காது என்பதால் காலங்காலமாக வேலிக்கு வைத்த செடி. 2003இல் மத்தியத் திட்டக் கமிஷனின் குழு, உயிரி டீசலுக்காக இதைப் பெருமளவில் நடலாம் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகு தரிசுகளிலும் ஏறியது. டீசல் கனவு பெரும்பாலும் வாடிப்போனது, செடி மட்டும் நிற்கிறது.

இதன் காய் பழுத்தால் மஞ்சளாகும், காய்ந்தால் கறுத்து வெடிக்கும். உள்ளே கறுப்பு விதை இரண்டோ மூன்றோ இருக்கும். ஓட்டை உடைத்தால் வெள்ளைப் பருப்பு, பார்த்தால் நிலக்கடலை மாதிரி. ருசியும் கசக்காது, கடலை போலவே இருக்கும். இந்தச் செடியின் மோசமே அதுதான். கசந்தால் பிள்ளை துப்பிவிடும், இது ருசிப்பதால் கூட்டாளிகளையும் கூப்பிட்டுப் பங்கு வைக்கிறது. கொஞ்ச நேரத்தில் தொண்டை எரியும், பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். காலத்தோடு கொண்டுபோய் சலைன் ஏற்றினால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். தாமதித்தால் உடம்பில் நீர் வற்றிச் சின்னப் பிள்ளை சுருண்டுவிடும். ஆமணக்கு விதை இதைவிடக் கடுமையானது. விளக்கெண்ணெய் குடிக்கிறோமே என்று கேட்பீர்கள். அந்த விதையின் கொடிய நஞ்சு எண்ணெயில் இறங்குவதில்லை, சக்கையில் தங்கிவிடும். அதனால் எண்ணெய் மருந்தாகிறது, கொட்டை நஞ்சாகிறது.

முன்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. குயில் மஞ்சள் அரளிப் பழத்தைத் தின்னும், பார்த்திருப்பீர்கள். அதற்கு ஒன்றும் ஆகாது. அதே பழம் மனிதனின் இதயத் துடிப்பை நிறுத்தக்கூடியது. ஆகவே ஆடு தின்றது, குருவி தின்றது, நானும் தின்னலாம் என்ற கணக்கு செல்லாது. பெரியவர்களும் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள், அதனால்தான் எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

குன்றிமணியைப் பற்றி இரண்டு வார்த்தை. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது குன்றிமணி. பொட்டே இல்லாமல் முழுச் சிவப்பாக, கொஞ்சம் பெரிதாக இருப்பது மஞ்சாடி. இரண்டையும் வைத்துப் பல்லாங்குழி ஆடுகிறார்கள். குன்றிமணியின் தோல் கெட்டியானது, முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்தால், அல்லது மணி கோக்க ஓட்டை போட்டிருந்தால், உள்ளேயிருக்கும் நஞ்சு வெளிப்படும். அது மிகக் கொடியது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டுமே வேண்டாம்.

இனி அடுப்படிக்கு வருகிறேன்.

நாயகம் (ஸல்) அவர்கள் சுரைக்காயை விரும்பி உண்டார்கள், தட்டின் ஓரங்களில் தேடி எடுத்து உண்டார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதனால் நம் வீடுகளில் சுரைக்காய்க்குத் தனி மரியாதை. ஆனால் எல்லாச் சுரையும் ஒன்றல்ல. 2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி, உடம்புக்கு நல்லது என்று நம்பிக் குடித்த கசப்புச் சுரைக்காய்ச் சாற்றினால் இறந்துபோனார். படித்தவர், ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு இதை ஆராய்ந்து, கசக்கும் சுரைச்சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. சுரை, பீர்க்கு, வெள்ளரி, தர்பூசணி இந்தக் குடும்பத்துக்கு இயல்பிலேயே ஒரு கசப்பு நஞ்சு உண்டு. மனிதன் தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காயின் விதையை எடுத்து எடுத்து விதைத்துத்தான் நல்ல சுரையை உண்டாக்கினான். வேலியில் பேய்ச்சுரை படர்ந்திருந்து, அதன் மகரந்தம் உங்கள் சுரைப்பூவில் விழுந்தால், அந்த வருடக் காய் நன்றாகத்தான் இருக்கும். அதன் விதையை எடுத்து அடுத்த வருடம் போட்டால்தான் கசக்கும் காய் வரும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது.

ஆகவே சுரைக்காயோ பீர்க்கோ நறுக்கும்போது நுனியில் ஒரு சிறு துண்டு வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் குப்பையில் போடுங்கள். வேகவைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், இந்த நஞ்சு வெந்தாலும் போகாது. காசு போட்டு வாங்கியதாயிற்றே என்று பருப்போடு சேர்த்துக் கூட்டு வைத்து, கசப்பைத் தேங்காயில் மறைக்கிற கைவண்ணம் நம் தாய்மார்களுக்கு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அந்தக் கைவண்ணம் வேண்டாம். வாந்தியில் இரத்தம் வரும் அளவுக்குப் போகும், இதற்கு மாற்று மருந்தும் கிடையாது.

அப்படியானால் கசப்பெல்லாம் விஷமா என்றால், இல்லை. நம் விருதுநகர்ச் சந்தையில் விற்கிற அதலைக்காய் கசப்புதானே! பாகற்காய் கசப்புதானே! இவை இரண்டும் ஒரே இனம், இவற்றின் கசப்பு வேறு. கசக்க வேண்டிய காய் கசக்கலாம், கசக்கக் கூடாத காய் கசந்தால் ஆபத்து. கணக்கு அவ்வளவுதான்.

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் குர்ஆன் ஓதாத நயவஞ்சகனுக்கு ஒரு காயை உவமை சொன்னார்களே, மணமும் இல்லை, ருசியும் கசப்பு என்று. அபூமூசா (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸில் வரும் ஹன்ளலா என்ற காய் எங்கோ அரபு நாட்டில் மட்டும் இருப்பதல்ல. நம் ஊரில் அதன் பெயர் குமட்டிக்காய். பேய்க்கொம்மட்டி என்றும் சொல்வார்கள். மணற்பாங்கான தரிசில் தரையோடு படரும். இலை ஆழமாகப் பிளந்து தர்பூசணி இலை மாதிரியே இருக்கும். காய் எலுமிச்சை முதல் ஆரஞ்சு அளவு வரை, பச்சையில் வெளிர்மஞ்சள் வரி போட்டுக் குட்டித் தர்பூசணி என்றே ஏமாற்றும். உடைத்தால் உள்ளே சிவப்பு இருக்காது, வெள்ளைப் பஞ்சு. நாக்கில் பட்டால் கசப்பு போகவே போகாது. கடுமையான பேதியாகும். தர்பூசணிக் கொடி தானாக முளைத்திருக்கிறது என்று பிள்ளை பறித்து வந்தால், உடைத்துப் பார்க்காமல் கொடுக்காதீர்கள். மிதுக்கு வத்தலுக்குக் காய் பொறுக்கும்போதும் பார்த்துப் பொறுக்குங்கள்.

பெயரை நம்பி மட்டும் முடிவெடுக்க முடியாது என்பதற்கும் இதே நல்ல உதாரணம். குமட்டிக்காய் நஞ்சு, குமட்டிக்கீரை நல்ல கீரை. பேய்ச்சுரை ஆகாது, பேயன் வாழைப்பழம் தாராளமாக ஆகும். நம் முன்னோர் ‘பேய்’ என்று முன்னால் போட்டால் பெரும்பாலும் எச்சரிக்கைதான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

கீரைக்கட்டில் கலப்பது இன்னொரு வகை. பருப்புக்கீரை தரையோடு படர்வது, அதே மாதிரிப் படர்கிற சித்திரப்பாலாடை வகைகளும் அதனோடு பின்னிக்கொண்டு வரும். பருப்புக்கீரைத் தண்டு சதைப்பற்றாக இருக்கும், ஒடித்தால் தண்ணீர்தான் வரும். மற்றது ஒல்லித் தண்டு, ஒடித்தால் வெள்ளைப் பால் கசியும். பால் கசிவதைக் கீரைச் சட்டியில் போடாதீர்கள். சித்த மருந்தில் அதற்கு இடம் இருக்கலாம், அது மருந்து, அளவு தெரிந்தவர் கொடுப்பது.

ஆனால் பால் வராவிட்டால் நல்ல கீரை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஊமத்தைக்குப் பால் கிடையாது. முள் காய் வந்த ஊமத்தையை எல்லாருக்கும் தெரியும். நாலு இலை விட்ட ஊமத்தங்கன்று கத்தரி, சுண்டைக் கன்றுகளைப் போலவே நிற்கும், கீரைப் பாத்தியிலும் முளைக்கும். ஆஸ்திரேலியாவில் 2022 டிசம்பரில், பண்ணையிலிருந்து பாக்கெட்டில் வந்த பசலை வகைக் கீரையில் ஊமத்தை இனக் களை கலந்து, 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். 2019இல் உகாண்டாவில் உணவு உதவியாக வந்த மாவில் ஊமத்தை விதை கலந்து உயிர்ச்சேதமே ஆயிற்று. இயந்திரமும் பரிசோதனைக்கூடமும் வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலை. நம் வீட்டில் கீரை ஆய்கிற கையும் கண்ணும்தான் பரிசோதனைக்கூடம். ஆகவே டிவியைப் பார்த்துக்கொண்டு கீரை ஆயாதீர்கள். ஒவ்வொரு கொத்தையும் பிரித்துப் பாருங்கள், தெரியாத ஒரு இலை வந்தால் தனியே எடுத்துப் போடுங்கள்.

ஊமத்தையில் இன்னொரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உண்டவருக்கு வாய் வறளும், உடம்பு கொதிக்கும், முகம் சிவக்கும், வியர்வை வராது, கண்ணின் பாப்பா அகல விரியும். பிறகு பிதற்றல். இல்லாததைக் காற்றில் பிடிப்பார், யாரோ நிற்கிறார்கள் என்பார், பெற்ற தாயையே அடையாளம் தெரியாது. இதைப் பார்த்தால் நம் வீடுகளில் முதலில் என்ன சொல்வோம்? ஜின் பிடித்துவிட்டது, ஹஜ்ரத்தைக் கூப்பிடு, தண்ணீர் ஓதி வாங்கி வா. அந்த இரண்டு மணி நேரம் ஒரு பிள்ளையின் உயிராகிவிடக்கூடும். நான் ஓதுவதைத் தடுக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். வண்டியை முதலில் எடுங்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை வழியெல்லாம் ஓதுங்கள். திடீரென்று பிதற்றுகிற பிள்ளையின் கண்ணில் பாப்பா விரிந்து, உடம்பு காய்ந்து சுட்டால், அது என்ன தின்றது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கிழங்குக்கு வருகிறேன். மேற்கே நம் மலையில் பளியர் மக்கள் காட்டு வள்ளிக்கிழங்கை உணவாகக் கொண்டு வாழ்ந்தவர்கள். எந்தக் கொடியின் கிழங்கைச் சுட்டு உண்ணலாம், எதைத் தொடவே கூடாது என்பது அவர்களுக்குத் தலைமுறைப் பாடம். அவர்கள் கிழங்கைப் பார்ப்பதற்கு முன் கொடியையும் இலையையும் பார்ப்பார்கள். நாம் சாலையோரத்திலோ வாய்க்கால் வெட்டும்போதோ கிழங்கு கிடைத்தால், கிழங்கை மட்டும் பார்க்கிறோம். (ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை 2021இல் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. உள்ளே போய்க் கிழங்கு தோண்டுவது சட்டப்படியும் தவறு, அது வேறு.)

நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. கலப்பைக்கிழங்கு, கார்த்திகைக்கிழங்கு எல்லாம் இதுவே. ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் என்ற பொருள் யூரிக் அமில மூட்டுவலிக்கு மருந்தாகிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையில் மில்லிகிராம் கணக்குதான். செடி நிற்கும்போது குழப்பமே இல்லை: இலையின் நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகப் பிடித்துக்கொள்ளும், பூ சிவப்பும் மஞ்சளுமாய் இதழ்களை மேல்நோக்கி மடித்திருக்கும். வள்ளிக் கொடியின் இலை இதய வடிவில், அடியிலிருந்தே நரம்புகள் விரிந்து ஓடும், நுனியில் சுருள் இருக்காது. சிக்கல் எப்போது என்றால், மழை முடிந்து கொடி காய்ந்து உதிர்ந்த பிறகு. அப்போது மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும். கலப்பை போல் கோணி வளைந்திருந்தால் அடையாளம் பிடிக்கலாம், ஒடிந்த துண்டாகக் கிடைத்தால் வள்ளிக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. இலங்கையில் இதை வள்ளிக்கிழங்கு என்று எண்ணி உண்டு நஞ்சேறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இந்த நஞ்சின் நடத்தை வஞ்சகமானது. உண்டவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம், சில சமயம் அரை நாள் கழித்து வாந்தியும் பேதியும் வரும். அது அடங்கினால், சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். அதற்குள் சிறுநீரகத்தையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கத் தொடங்கியிருக்கும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் தலைமுடி கொத்தாக உதிர்வது உண்டு. எனவே கொடியோடு பார்க்காத எந்தக் கிழங்கும் அடுப்பேறக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் விதிவிலக்கு சொல்ல எனக்கு மனமில்லை.

காளானைப் பற்றி ஒரு கேள்வி சீட்டில் வந்திருக்கிறது. புகாரி, முஸ்லிமில் வரும் ஹதீஸில் ‘கம்அ’ என்பது மன்னு வகையைச் சேர்ந்தது, அதன் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்று இருக்கிறது. தமிழில் அதைக் காளான் என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்தக் கம்அ அரபு மணலுக்கடியில் உருண்டையாக விளைவது. இடி இடித்த மறுநாள் நம் வேலியில் குடை விரிப்பதல்ல. அந்த ஹதீஸைச் சொல்லி வேலிக் காளானைச் சமைப்பதோ, அதன் சாற்றைக் கண்ணில் விடுவதோ ஹதீஸுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, அரிசி நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் எதுவும் நம்பத் தகுந்தவை அல்ல. புற்றுக்காளானைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் அது வேறு. இல்லையென்றால் கடைக் காளான் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் ஒன்று பரவுகிறது. மணத்தக்காளியைக் கொடிய நஞ்சு என்று சொல்லும் வீடியோக்கள் சுற்றுகின்றன. அவை காட்டுவது பெல்லடோனா என்ற செடியை. அது ஐரோப்பாவிலும், அதன் உறவுச்செடி காஷ்மீர்ப் பக்கத்திலும் வளர்வது, நம் கரிசலில் கிடையாது. மணத்தக்காளிப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கும், பெல்லடோனா ஒவ்வொன்றாக, அகன்ற ஐந்து இதழ் பாவாடை மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆகவே வத்தக்குழம்பைப் பயப்படாமல் வையுங்கள். பச்சைக்காயை மட்டும் வேகவைக்காமல் உண்ணாதீர்கள். லண்டனில் பிள்ளையோடு இருக்கப் போகிற தாய்மார்கள் மாத்திரம் அங்கே பூங்காவில் மணத்தக்காளி கண்டேன் என்று பறித்துவிட வேண்டாம்!

கடுகும் அப்படித்தான். பிரம்மதண்டு என்கிற குடியோட்டிப் பூண்டு, முள் இலையும் மஞ்சள் பூவும் மஞ்சள் பாலுமாகத் தரிசில் நிற்பது, அதன் விதை கடுகைப் போலவே இருக்கும். 1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் அந்த எண்ணெய் கலந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். கடுகு வழவழப்பாக இருக்கும், அது சொரசொரப்பாக வலைப்பின்னல் போட்டிருக்கும். சொந்தக் காட்டுக் கடுகைப் புடைப்பவர்கள் கொஞ்சம் உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தாலே தெரியும்.

மருந்துக்கென்று செடி பறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மருத்துவம் அறியாமல் வைத்தியம் செய்து கேடு நேர்ந்தால் செய்தவரே பொறுப்பு என்பது அபூதாவூதில் வரும் ஹதீஸின் கருத்து. யூடியூபில் பார்த்த கஷாயத்தைப் பக்கத்து வீட்டு உம்மாவுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தின்றுவிட்டால் என்ன செய்வது?

பிள்ளையை அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். திட்டினால் மறைக்கும், கூடத் தின்ற கூட்டாளிகளின் பெயரையும் சொல்லாது. எத்தனை பேர், எத்தனை விதை, எத்தனை மணிக்கு என்று அன்பாகக் கேளுங்கள். வாயில் மிச்சம் இருந்தால் வழித்தெடுத்து வாய் கொப்பளிக்க வையுங்கள். விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், முட்டை, விளக்கெண்ணெய் கொடுப்பது, எதுவும் வேண்டாம். மயங்கியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மேல் சிகிச்சை தேவையென்றால் விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டெல்லி எய்ம்ஸின் நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், டாக்டர்களும் அதை அழைக்கிறார்கள்.

போகும்போது தின்ற செடியை இலை, காய், வேர் எல்லாம் சேர்த்து ஒரு பையில் எடுத்துப் போங்கள். செடியைக் கண்ணால் பார்த்த டாக்டர் செய்யும் சிகிச்சையும், ஊகித்துச் செய்யும் சிகிச்சையும் ஒன்றல்ல. ஒன்றும் செய்யவில்லையே என்று இருக்கிற பிள்ளையையும் கூட்டிப் போங்கள், கண்வலிக்கிழங்கைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கட்டும்.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள். மக்தபுக்குப் பின்னால் சுற்றுச்சுவரை ஒட்டி ஏழெட்டுக் காட்டாமணக்கு நிற்கிறது, வரும்போது பார்த்தேன். காயோடு நிற்கிறது. அடுத்த ஜுமுஆவுக்குள் வாலிபர்கள் வெட்டி எடுத்துவிட்டால் நல்லது. வெட்டியதை மைதானத்தில் போட்டு வைக்காமல் காய்களைக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், பாலைக் கண்ணில் படவிடாதீர்கள்.

வராந்தாவில் மேசை மேல் இன்று சொன்ன செடிகளை ஜோடி ஜோடியாக வைத்திருக்கிறோம். பச்சை நூல் கட்டியது உண்ணலாம், சிவப்பு நூல் கட்டியது ஆகாது. முதலில் தாய்மார்கள் போய்ப் பார்க்கட்டும். தொட்டால் கையைக் கழுவிவிட்டு அஸருக்கு ஒளூச் செய்துகொள்ளுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.